முனியாண்டிக்கு ஒரு முழம், வேம்புக்கு ஒரு முழம்

1

நான் போட்ட கோடு ஒன்று என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்தின் மேலேயே வந்து விழுந்தது. கோடு என்றால் வெறும் கோடு இல்லை, உயர்மின் கோபுரங்கள் வரிசையாக வரப்போகும் தடம். அந்தத் தடத்தில் மரம் நிற்கக்கூடாது. மரத்தை வளர்த்தவள் என் மனைவி கோமதி. கோட்டைப் போட்டவன் நான். இருவரும் குடியிருப்பது ஒரே வீட்டில், இருவருக்கும் தோசை வருவது ஒரே கல்லிலிருந்து. அந்த மாதம் முழுக்க எனக்கு வந்த தோசை ஓரம் கருகியே வந்தது.

ஜோகூருக்குக் குடிவந்து பத்து வருடம் ஆகிவிட்டதே, அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கோவில்பட்டி நண்பர் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தால் துரியான் பழம், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் விடிகாலை ஓட்டம், ஓயாத மழை என்று வழக்கமாக எல்லோரும் எழுதுவதுதான் எனக்கும் வரும் என்று நினைத்தேன். வேப்பமரம்தான் வந்தது. அதையே எழுதிவிடுகிறேன்.

என் வேலையை ஊரில் யாராவது விசாரித்தால் "கரண்டு வேலை" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஓடாத மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். உண்மையில், அந்த விசிறி ஓடுவதற்கான மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது, எடுக்கும்போது எதையெல்லாம் கெடுக்காமல் இருப்பது என்று திட்டம் போடுகிறவன் நான். உலு திராமுக்கு அப்பால் ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை, இப்போது இரண்டும் இல்லை. அங்கே பகலில் சூரியத் தகடுகள். வெயில் இறங்கியதும் பெரிய பெரிய மின்கலங்கள். அதுவும் தீர்ந்தால், பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டையில் கொப்புளிக்கும் வாயுவைப் பிடித்து எரிப்பது. ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று எழுந்துகொள்ளும்படி மூன்றையும் கோத்து, கெலாங் பாத்தா பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் கணினிக் கிடங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுக்கு நிலக்கரிப் புகை குறையும்.

கணினிக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று கோமதி ஒருமுறை கேட்டாள். நம் மகள் பார்க்கும் வீடியோக்கள் இருக்கின்றன என்றேன். "அதுக்கா இம்புட்டு?" என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

எனக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். அங்கே காற்றாலைகள் வந்தபோது, இவை மேகத்தை விரட்டிவிடும், இனி மழை பெய்யாது என்று ஊரே பேசியது. மழை என்னவோ பெய்தது. ஆனால் காற்றாலைக்குப் போட்ட செம்மண் ரோடு ஓடையை மறித்துக்கொண்டதால் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரவில்லை. தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே எங்கள் வீட்டில் கரண்டு இருக்காது. நல்ல காரியத்தை இவ்வளவு கோணலாகச் செய்ய முடியுமா என்று எனக்கு அப்போதே ஆத்திரமாக வரும். ஓடையை மறிக்காமல் ஒரு திட்டமாவது போட்டுவிட வேண்டும் என்றுதான் இந்தத் துறைக்கு வந்தேன். உலு திராம் திட்டம்தான் அது என்று நம்பினேன்.

2

தடம் போடுவது கணினி. ஆனால் அதற்கு நாம்தான் பாடம் சொல்லித்தர வேண்டும். பள்ளிக்கூடத்தைத் தொடாதே, இடுகாட்டைத் தொடாதே, நீர்நாய் குட்டி போடும் கரையைத் தொடாதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் கூடினால் கோடு விலகிப் போகும், குறைந்தால் ஏறி மிதித்துப் போகும். அந்த மதிப்பெண்களைப் போட்டவன் நான்.

முதலில் வந்த கோடு, தோட்டத்தை ஒட்டி ஓடும் சிற்றாற்றின் கரைக்காட்டைக் கிழித்துக்கொண்டு போனது. அது ஒரு ஒடுங்கிய காடு. இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் தொழிற்சாலை, நடுவில் அது மட்டும் மிச்சம். அதில் ஒரு ராட்சத ஆரா மரம். நம் ஆலமரத்தின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பழுத்தால் எங்கெங்கோ இருந்து இருவாச்சிப் பறவைகள் வந்துவிடும். எங்கள் குழுவின் உயிரியல் நிபுணர் ரொஹானா, மூவாரில் பிறந்த மலாய்ப் பெண். அந்த மரத்துக்காகத் தலையணை பருமனுக்கு அறிக்கை எழுதினார். மேலாளர் அதைக் கையில் வாங்கி, கனமாக இருக்கிறது என்று பாராட்டி, இருவாச்சிக்கு அதன்படி நான் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். சுற்றிக்கொண்டு போனால் தூரம் கூடுமாம். ஆரா மரமும் அதைச் சுற்றி இன்னும் சில மரங்களும் போக வேண்டியது என்று முடிவானது.

வெட்ட வேண்டிய மரங்களில் அடையாள நாடா கட்டுவது வழக்கம். நாடா பிளாஸ்டிக். ஆனால் எங்களுடையது இயற்கையைக் காக்கும் திட்டம். காட்டுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்று விதியே இருக்கிறது. மரத்தை வெட்டலாம், மரத்தில் கட்டும் நாடா மட்டும் மக்கிப்போவதாக இருக்க வேண்டும். பருத்தித் துணி வாங்கிக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்தச் சனிக்கிழமை கோமதிக்கு அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தங்காக் போக வேண்டியிருந்தது. அந்த ஊர் முழுக்கத் துணிக்கடைதான். அவள் புடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் சிவப்புத் துணியில் ஒரு கட்டு எடுத்தேன். அபாயம் என்றால் சிவப்புதானே.

"எதுக்கு இது?" என்றாள்.

"மரத்துல கட்டுறதுக்கு. ஆபீஸ் வேலை."

"மரத்துக்குப் போயி யாராச்சும் செவப்பு கட்டுவாங்களா? மஞ்சள எடுங்க. நல்ல காரியம் தொடங்குதீங்க, மங்களமா இருக்கட்டும்."

வெட்டுவதற்கு என்று நான் சொல்லவில்லை. கடையில் நின்று அதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பது. மஞ்சளே எடுத்தோம்.

திங்கட்கிழமை நானே காட்டுக்குள் போய்க் கட்டினேன். ரொஹானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று சுற்று, கிழக்குப் பக்கம் பார்த்து முடிச்சு. ஏன் மூன்று, ஏன் கிழக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கை அப்படித்தான் கட்டியது. பிறகு ரம்பம் வைக்க வேண்டிய உயரத்தில் சிவப்புச் சாயத்தில் வட்டமாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதையும் நடுவிரலில் தொட்டு வைத்தேன். வேலை முடிந்து திரும்பிப் பார்த்தபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

3

மரம் வெட்டும் குத்தகைக்காரரோடு நான் மறுபடி போனபோது ஆரா மரத்தடியில் பத்திருபது பேர் நின்றார்கள். தரை பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தது. மரத்தில் சாய்த்து ஒரு சூலம். நான் வைத்த சிவப்புப் புள்ளிக்கு மேல் யாரோ குங்குமம் அப்பி அதைப் பெரிதாக்கியிருந்தார்கள். தேங்காய் உடைத்த வாசனை காடெல்லாம் பரவியிருந்தது.

முன்னால் வந்தவர் லெட்சுமி அக்கா. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டம் விற்கப்பட்ட பின் பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறி, இப்போது மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வேலைச் சீருடையிலேயே நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டத்து ஆள் என்று தெரிந்ததும் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தில் முனியாண்டி கோயில் ஒன்று இருந்தது. தோட்டம் கைமாறியபோது முனி ரோட்டோரத்துக்கு வந்தார். ரோட்டை அகலமாக்கியபோது ஒரு கடைச் சந்துக்கு வந்தார். அந்தச் சந்தும் அடைபட்டபின் லெட்சுமி அக்கா வீட்டுக்கு, மூன்றாவது மாடிக்கு, சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"காவல் தெய்வம் சார் அவரு. பிளாட்ல எதக் காவல் காப்பாரு? லிஃப்ட்டயா? அதுவும் பாதி நாளு ரோசாக்" என்றார். ரோசாக் என்றால் பழுது.

முனி தனக்கு இடம் பார்த்துக்கொண்டார், மஞ்சள் துணியே சாட்சி என்பது அங்கே நின்ற எல்லோருடைய முடிவு. லெட்சுமி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, இந்தத் துணியைக் கட்டியது நான்தான் என்றேன்.

"தெரியும் சார். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு."

"சாமிக்குன்னு கட்டலக்கா. வெட்டுறதுக்குக் கட்டினது."

"சரி லா. யாராச்சும் ஒரு ஆளு கையாலதான கட்டணும். சாமியே வந்து முடிச்சு போடுமா?"

குத்தகைக்காரரின் ஆள், இந்தோனேசியக்காரர், ரம்பத்தை இறக்கியவர் சூலத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ரம்பத்தைத் திரும்ப லாரியில் ஏற்றினார். எவ்வளவு சொல்லியும் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். யாருடைய சாமி என்று அவருக்குத் தெரியாது, யாருடையதாக இருந்தாலும் வம்பு வேண்டாம் என்பது அவர் கட்சி. ஒரு தகரக் கூரையும் அடுத்த வாரமே வந்துவிட்டது.

4

அலுவலகத்தில் முனியாண்டியை என்ன செய்வது என்று இரண்டு கூட்டம் நடந்தது. எங்கள் வரைபடத்தில் வழிபாட்டுத் தலம் என்று ஒரு பிரிவு உண்டு, இருப்பதிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். அதில் சேர்க்க வேண்டுமானால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நான் லெட்சுமி அக்காவிடம் கேட்டு எழுதினேன். தொடங்கப்பட்ட ஆண்டு என்ற இடத்தில், தாத்தா காலம் என்று சொன்னார். வாகன நிறுத்துமிடம் என்ற இடத்தில் முனி குதிரையில்தான் வருவார் என்றார். ஒன்று என்று எழுதி, அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ரொஹானாவுக்கு இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை. தலையணை அறிக்கையால் ஒரு அடிகூட நகராத கோட்டை ஒரு கட்டுத் துணி நகர்த்திவிட்டது. மிச்சத் துணி இருக்கிறதா, நீர்நாய்க் கரைக்கும் கொஞ்சம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணினியை மறுபடி ஓட்டினோம். புதுக்கோடு ஆற்றங்கரையைத் தொடாமல், செம்பனை ஓரமாக வந்து, குடியிருப்புகளுக்குப் பின்னால் கிடக்கும் அரசாங்கப் புல்வெளி வழியாகப் போனது. பாதிப்பு ஏதுமில்லை என்று திரையில் வந்ததும் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். உலு திராம், ஒரு தாமான். தாமான் என்றால் வரிசை வீட்டுக் குடியிருப்பு. அதன் கடைசி வரிசை, மூலை வீடு. கூரைமேல் என் தண்ணீர்த் தொட்டி. வேலிக்கு வெளியே புல்வெளியில் பச்சையாக ஒரு உருண்டை, அதன் நெஞ்சில் என் கோடு.

சொடுக்கிப் பார்த்தால் விவரம் வரும். அந்நிய இனம், தனி மரம், மதிப்பு பூஜ்ஜியம். நான் போட்ட மதிப்பெண்தான்.

5

அந்த மரம் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்த முதல் வருடம் யாழினிக்கு அம்மை போட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. கோமதிக்கு வேப்பிலை வேண்டும். எனக்கு மலாய் மொழி தெரியாது. தமிழ்க் கடைகள் எங்கே என்றும் தெரியாது. தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சந்தையில் கசப்பு இலை, கசப்பு இலை என்று கேட்டேன். ஒருவர் பப்பாளி இலை கொடுத்தார். ஒருவர் பாகல் இலை கொடுத்தார். ஒரு பாட்டி ஏதோ மூலிகையைக் கொடுத்து, சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று சைகையில் சொன்னார். கோத்தா திங்கி போகும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேப்பங்கன்றைக் கண்டுபிடித்து நான் வீடு வந்தபோது யாழினிக்குத் தலைக்குத் தண்ணீரே ஊற்றி முடித்திருந்தாள் கோமதி. கன்றை என்ன செய்வது என்று தெரியாமல் வேலிக்கு வெளியே நட்டோம்.

அது இப்போது மாடி உயரம். சித்திரை பிறந்தால் பச்சடிக்குப் பூ அதிலிருந்துதான். சாயங்காலம் அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு கோமதி ஊருக்குப் போன் பேசுவாள். நான் அலுவலகத்திலும் யாழினி பள்ளியிலும் இருக்கும் பகல் முழுவதும் அவளுக்குத் துணை அதுதான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசித்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். தோசை அடுப்பை அணைத்தாள்.

"ஒங்க கம்ப்யூட்டருக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"பாதிப்பே இல்லாத வழி இதுதான்னு வந்துருச்சு."

"யாருக்குப் பாதிப்பு இல்லாத?"

கல்லிலிருந்த தோசையை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அவளே சொன்னாள். "இந்த ஊருல எனக்குன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க."

உள்ளே போய், தங்காக்கில் வாங்கியதில் மிச்சமிருந்த மஞ்சள் துணியை எடுத்துவந்தாள். அங்கே முனிக்கு ஒரு துணி என்றால் இங்கே ஆத்தாளுக்கு ஒரு துணி என்று மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு கிழக்குப் பக்கம். குங்குமமும் வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் மரத்தடி மண்ணில் மூன்று ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வைத்தது. என்ன சாமி என்று அவர் கேட்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.

யாழினிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள், கனவுகூட மலாயில்தான் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். "அம்மா, பிளீஸ் லா. மாலு லா. என் ஃபிரண்டு வீடு இதே வரிசைலதான் இருக்கு" என்றாள். மாலு என்றால் வெட்கம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எங்களைவிட்டு ஒவ்வொரு அறையாகத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

6

அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து என்சிக் அஸ்மான் என்ற அதிகாரி தடத்தைப் பார்வையிட வந்தார். என்சிக் என்பது நம் ஐயா மாதிரி. என்னைத் திட்டத்து ஆளாகப் பார்த்துக் கைகுலுக்கினார். வீட்டுக்காரனாகவும் நானே கதவைத் திறந்ததும் குழம்பி, இன்னொரு முறை கைகுலுக்கினார். மஞ்சள் துணி, குங்குமம், ஊதுபத்தி எல்லாவற்றையும் படம் பிடித்தார். இது வழிபாட்டுத் தலமா என்று என்னிடம் கேட்டார். திட்டத்து ஆளாகக் கேட்கிறீர்களா, வீட்டுக்காரனாகக் கேட்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று கோமதியின் ஆத்தாளையும் வரைபடத்தில் ஏற்றிக் கணினியை ஓட்டிப் பார்த்தேன். தடம் இல்லை என்று வந்தது. மறுபடி ஓட்டினேன். தடம் இல்லை. சூரியத் தகடு இருக்கிறது, மின்கலம் இருக்கிறது, கழிவுக் குட்டையில் வாயு கொப்புளிக்கிறது, மின்சாரம் வெளியேறத்தான் வழியில்லை. நிலக்கரி பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். கயத்தாற்றில் காற்றாடிக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னேனே, அதைவிட மோசமான ஒன்றை நானே கட்டி எழுப்பியிருந்தேன்.

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டுப் பக்கம் முடியாது என்றால் பழைய வழிதான், முனியாண்டியை முறைப்படி இடம் மாற்றிவிட்டு ஆரா மரத்தை வெட்டுவோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார். முறைப்படி இடம் மாற்றுவது என்றால் மறுபடி மூன்றாவது மாடி, கேஸ் சிலிண்டர். இருவாச்சிக்கு அதுகூட இல்லை.

இது எப்படியோ லெட்சுமி அக்கா காதுக்குப் போய்விட்டது. மறுநாளே ஒரு பை நிறைய வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் சண்டையை எதிர்பார்த்து நடுவில் போய் உட்கார்ந்தேன். கோமதி, "தண்ணி என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டாள். இந்த ஊரில் விருந்தாளியைக் கேட்பது அப்படித்தான், தேநீரும் தண்ணிதான், மைலோவும் தண்ணிதான். பத்து வருடத்தில் அவளுக்கு அது எப்போது வாயில் ஏறியது என்று நான் கவனித்ததே இல்லை. இருவரும் குடித்து முடிக்கும்வரை தொழிற்சாலை ஷிப்டைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும்தான் பேசினார்கள்.

கிளம்பும்போது லெட்சுமி அக்கா வேப்பமரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். "சண்டை போட வரலக்கா. ஒங்க சாமியும் எங்க சாமியும் ஒரே துணிதான. ஞாயித்துக்கெழம பொங்கல் வைக்கிறோம், வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை போனோம். யாழினி வரவில்லை. ஆரா மரம் பழுத்திருந்தது. ரொஹானா தொலைநோக்கியோடு ஆற்றங்கரைப் பக்கம் தள்ளி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் பொங்குகிற நேரத்தில் மேலே பெரிதாக இரைச்சல் கேட்டது, பழைய பேருந்து ஒன்று மேடு ஏறுகிற மாதிரி. இரண்டு இருவாச்சிகள் வந்து இறங்கின. இறக்கைச் சத்தம்தான் அது. இறங்கியதும் பழம் பறித்துத் தின்னத் தொடங்கின. பறித்ததில் பாதியைத் தகரக் கூரையில் டொக் டொக்கென்று போட்டன. ஒரு பழம் பொங்கல் பானைக்குள்ளேயே விழுந்தது. முனி வாங்கிக்கொண்டார் என்று லெட்சுமி அக்கா அதை அப்படியே கிண்டிவிட்டார்.

கோமதி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கழுத்து வலிக்கும் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், ரொஹானாவிடம் தனக்குத் தெரிந்த மலாயில் ஏதோ கேட்டாள். ரொஹானா இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார்.

காரில் பாதி வழி வந்ததும் கோமதி கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தாள்.

"எம்மாம் பெரிய பறவை. நம்ம வேம்புல உக்காந்தா கெளை முறிஞ்சிரும்" என்றாள்.

"ஆமா."

"இத விட்டா அதுகளுக்கு இந்தப் பக்கம் வேற பழமரம் கெடையாதாம்ல. அந்தப் பொண்ணு சொல்லுது."

"கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தாள். "ஆத்தாக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ஒங்க கோட்டப் போட்டுக்கோங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. திட்டம் பிழைத்துவிட்டது, காடு பிழைத்துவிட்டது, முனிக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் ஆசைப்பட்டபடியே ஓடையை மறிக்காத ஒரு திட்டம். அதற்கு ஆன செலவு முழுவதையும் கணக்கில் பூஜ்ஜியம் என்று நான் எழுதிவைத்த இடத்திலிருந்து ஒருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

8

அகற்ற வேண்டியவற்றைப் பதிவு செய்ய என்சிக் அஸ்மான் மறுபடி வந்தார். மர இனம் என்ற பட்டியலில் வேம்பு இல்லை. கடைசியில் லாயின்-லாயின் என்று ஒரு கட்டம் உண்டு, மற்றவை என்று பொருள். அதில் குறி வைத்தார். எங்கள் குடும்பத்துக்கும் இங்கே பல படிவங்களில் அந்தக் கட்டம்தான் என்பதால் எனக்குப் பழகிய இடமாக இருந்தது. எந்தத் தேதியில் வெட்டலாம் என்று கேட்டார்.

அப்போது யாழினி அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் போன். அவரிடம் மலாயில் பேச ஆரம்பித்தாள். வேகமான பேச்சு, எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கினார், போனை வாங்கிப் பார்த்தார், வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார், சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் ஏதோ சொன்னாள். அவர் குறியை அடித்துவிட்டு வேறொரு கட்டத்தில் குறி வைத்தார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். மின்கம்பிக்கு அடியில் மரம்தான் கூடாது, போக்கோ ரெனெக் இருக்கலாம் என்று விதியில் இருக்கிறதாம். போக்கோ ரெனெக் என்றால் புதர்ச்செடி. மூன்று மீட்டருக்கு மேல் போகாவிட்டால் எதுவும் புதர்தான். விதிகளின் முழுப் புத்தகம் மலாயில்தான் இருக்கிறது. நான் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பத்து வருடம் திட்டம் போட்டிருக்கிறேன்.

"மாடி உயரத்துக்கு நிக்குதே, இதுவா புதர்னு கேட்டாரு. வெட்டுனதுக்கு அப்புறம் புதர்னு சொன்னேன்" என்றாள்.

"நீ எதுக்கு இதெல்லாம் உக்காந்து படிச்ச?"

"அம்மா அழுதாங்க. நீங்க பாக்கல."

கதவு சாத்தியிருந்த அறைக்குள் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் தலையில் கை வைத்தேன். "ஓகே லா பா" என்று தலையை நகர்த்திக்கொண்டாள், ஆனால் அறைக்குள் போகவில்லை.

அன்று மதியமே ஏணி போட்டு நான்தான் வெட்டினேன். உச்சி, அதற்குக் கீழே உள்ள கவை, எல்லாம் போய்க் கடைசியில் தடித்த அடிமரமும் இரண்டு மொட்டைக் கைகளும் நின்றன. கோமதி பார்க்க வரவில்லை. விழுந்த இலையையெல்லாம் எதிர்வீட்டு மலாய் அம்மாள் கூடையில் அள்ளிக்கொண்டு போனார். என்சிக் அஸ்மான் ஒரு கம்பை நிறுத்தி அளந்து, புதர் என்று சான்று கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளப்பார்களாம், கூடினால் அகற்றிவிடுவார்களாம்.

கோபுரங்கள் வந்துவிட்டன. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. முனியாண்டிக்குச் சீமைக்காரையில் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் வேம்பு துளிர்த்து, கிடுகிடுவென்று மேலே கிளம்பியது. நான் கத்தரியை எடுத்துக்கொண்டு போனபோது கோமதி எனக்கு முன்னால் அங்கே நின்றாள். அன்று இடுப்பில் செருகிக்கொண்ட அதே மஞ்சள் துணியை நீளநீளமாகக் கிழித்து, இளங்கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பக்கவாட்டில் வேலிக்கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யாழினி ஒரு கிளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒசரத்துக்குத்தான அளவு சொல்லியிருக்காங்க" என்றாள் கோமதி. "அகலத்துக்குச் சொல்லலையே."

யாழினியைப் பார்த்தேன். புத்தகம் முழுக்கப் படித்துவிட்டேன், சொல்லவில்லைதான் என்று தலையசைத்தாள்.

இப்போது அது எங்கள் வேலி முழுக்கப் பந்தல் மாதிரி படர்ந்து, பக்கத்து வீட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. சீனப் பெரியவர் தன் பக்கம் வந்த கிளையில் துண்டு காயப்போடுகிறார்.